கீழாநெல்லி போன தூரம்

ஐப்பசி மழை நாலைந்து பெய்துவிட்டால் காளையார்கோவில் சுற்றுவட்டாரத்தில் கீழாநெல்லியைத் தேடிப் போக வேண்டியதில்லை. கண்மாய்க்கரை, வரப்பு, கொல்லைப்புறம், கட்டி முடிக்காத வீட்டு மணல்மேட்டின் ஓரம் என்று மண் கிளறிய இடமெல்லாம் அதுவாகவே முளைத்துக் கிடக்கும். முழங்காலைத் தாண்டி வளராத செடி. கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் மிளகிலும் சிறிய காய்கள் வரிசையாகத் தொங்கும். பொழுது சாய்ந்தால் இலைகளை மடித்துக்கொள்ளும். விவசாயிக்கு அது களைதான். களையெடுக்கிற பெண்கள் வேரோடு பிடுங்கி வரப்பில் எறிவார்கள். தெருவில் யாருக்காவது மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டிருந்தால் அதில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்து எடுத்துப் போவார்கள்.

இந்தக் களை நோபல் பரிசு பெற்ற ஒருவரின் ஆய்வகம் வரை போயிருக்கிறது. காமாலை மருந்தாகக் கிளம்பிய அது, இப்போது கல்லீரல் கொழுப்புக்கு மருந்தென்ற பெயரில் டப்பாவில் அடைபட்டு ஊர் திரும்பியிருக்கிறது. போய் வந்த வழியைப் பார்த்தால்தான் டப்பாவில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

அடர்ந்த காட்டு நிழலில் கீழாநெல்லி தழைக்காது. அதற்கு வெயில் வேண்டும், திறந்த மண் வேண்டும். 1801-ல் காளையார்கோவிலைச் சுற்றி அப்படி மண் திறந்திருக்கவில்லை. கர்னல் அக்னியூவின் கும்பினிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு வழி உண்டாக்க ஒரு மாதம் போலக் காட்டை வெட்டிப் பார்த்துவிட்டு, முடியாமல் பின்வாங்கியது. அக்டோபர் முதல் தேதி மறுபடி வந்துதான் ஊரைப் பிடித்தது. அதே மாதம் 24-ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்தக் காடு இன்றைக்கு இல்லை. கடைசியில் அந்தக் காட்டை வென்றது யார் என்று என்னைக் கேட்டால் எருக்கும் வேலிக்கருவையும் கீழாநெல்லியும் என்றுதான் சொல்வேன்.

செடியின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம் என்பது தாவரவியலாளர் பலரின் முடிவு. நம் வைத்தியர்களிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எப்படி வந்திருந்தாலும் 17-ஆம் நூற்றாண்டில் அது இந்தப் பக்கத்துப் பழைய குடியாகிவிட்டது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் பத்தாம் தொகுதியில் மலையாளப் பெயரோடு அதன் படம் இருக்கிறது. கும்பினியின் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி, 1826-ல் லண்டனில் வெளியிட்ட ‘மெட்டீரியா இண்டிகா’வில் தமிழ்ப் பெயரைச் சொல்லியே அதைச் சேர்த்தார்.

அறிவியல் பெயர் வைத்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. 1753-ல் லின்னேயஸ் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று ஒரு செடிக்குப் பெயரிட்டார். நம் புத்தகங்கள் வெகுகாலம் கீழாநெல்லியை அந்தப் பெயரிலேயே எழுதின. உண்மையான நிரூரியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊர்க் கீழாநெல்லிக்குச் சரியான பெயர் ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’. 1827-ல் ஆப்பிரிக்காவின் கினியாக் கடற்கரையில் எடுத்த செடியை வைத்துச் சூட்டியது. 1950-களில் கிரேடி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இந்தச் சிக்கலைப் பிரித்து வைத்த பிறகும் ஆய்வுக்கட்டுரைகளில் பழைய பெயர் தொடர்ந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மருந்துக்கடையில் நீங்கள் வாங்குவது எந்தச் செடி என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

கசப்புக்குள்ளே இருப்பது என்ன என்று முதலில் ஒழுங்காகப் பார்த்தவர்கள் வால்டேர் ஆந்திரப் பல்கலைக்கழகத்து வேதியியலாளர்கள். டி. ஆர். சேஷாத்ரியும் ஜி. கிருஷ்ணமூர்த்தியும் 1946-ல் இலையிலிருந்து ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு பொருள்களைப் பிரித்தார்கள். செடியின் கசப்பு முதலாவதால் வருவது. பின்னால் வந்தவர்கள் கோரிலாஜின், ஜெரானின் போன்ற துவர்ப்புப் பொருள்களையும் கண்டார்கள். சோதனைக்குழாயில் இவை நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட்கள். சோதனைக்குழாயில் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே கிராமத்தில் வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. செடியை வேரோடு அலசி, அம்மியில் மையாக அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். அதைவிட முக்கியம் பத்தியம். உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது, தாளிதம் கூடாது, கறி மீன் வாசலுக்கே வரக்கூடாது. மோர்ச்சோறும் இளநீரும்தான். காமாலைக்காரர் வீட்டில் வடைச்சட்டி அடுப்பில் ஏறாது.

இந்த வைத்தியத்துக்குப் பேர் எப்படி வந்தது என்பதில் ஒரு ரகசியம் இருக்கிறது. நம் ஊர்களில் கெட்ட தண்ணீரால் வருகிற மஞ்சள் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸால் வருவது. கர்ப்பிணிகளுக்கு ஈ வைரஸ் உயிர் ஆபத்தாகலாம். வேறு சிலருக்கும் முற்றலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அது தானாகவே இறங்கிவிடும். தானாக இறங்குகிற நோய்க்கு யார் மருந்து கொடுத்தாலும் பேர் கிடைக்கும். கையில் சூடு போடுகிறவருக்கும் கிடைத்தது, மூக்கில் சொட்டு விடுகிறவருக்கும் கிடைத்தது. கண்ணில் மஞ்சள் ஏறுவதும் தெரியும், இறங்குவதும் தெரியும் என்பதால் அந்தப் பேர் கண்ணெதிரே நிரூபணமாகிக்கொண்டே வேறு இருந்தது. கீழாநெல்லி ஒன்றும் செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. செய்ததா இல்லையா என்று வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பிரித்துப் பார்க்க முதலில் முயன்றவர்கள் சென்னைக்காரர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர், 1982-ல் தன் குழுவோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைச் சோதனைக்குழாயில் செயலிழக்கச் செய்கின்றன என்றது அது. ஹெபடைடிஸ் பி வேறு ரகம். ரத்தம் வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுவது. சிலர் உடம்பில் ஆயுள் முழுக்கத் தங்கிக் கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடுவது. அதைக் கண்டுபிடித்த பரூக் புளூம்பெர்க் 1976-ல் நோபல் பரிசு பெற்றவர். பிலடெல்பியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் இருந்த அவரிடம் கீழாநெல்லி போய்ச் சேர்ந்தது.

அங்கே பி. எஸ். வெங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளரும் புளூம்பெர்கும் அதை உட்சக் என்ற விலங்குக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அணில் குடும்பத்தைச் சேர்ந்த, வளை தோண்டி வாழ்கிற கொழுத்த பிராணி அது. மனிதனின் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் அதற்கும் வரும். 1987-ல் வெளிவந்த முடிவுப்படி, புதிதாகத் தொற்று வாங்கிய நான்கு உட்சக்குகளில் மூன்றில் வைரஸின் அடையாளங்கள் மறைந்தன. அடுத்த ஆண்டு ‘லான்செட்’ இதழில் சென்னை ஆய்வு வந்தது. வைரஸைச் சுமப்பவர்களுக்கு உலர்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, முப்பது நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போனது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

59 சதவீதம். மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நம் ஊரில் அந்தச் சேதி இன்றுவரை உட்காரவே இல்லை. லான்செட்டே சொல்லிவிட்டது என்று இப்போதும் மருந்து லேபிள்களும் மேடைப்பேச்சுகளும் அந்த 1988-லேயே நிற்கின்றன.

லான்செட்டிலேயே 1990-ல் தாய்லாந்து ஆய்வு வெளியானது. அங்கே கீழாநெல்லி வைரஸை விரட்டவில்லை. 1994-ல் நியூசிலாந்திலும் அப்படியே. 2011-ல் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, வெறும் மாத்திரையைவிடக் கீழாநெல்லிக் குடும்பச் செடிகள் மேல் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை என்றது. தியாகராஜன் தரப்பு வாதம் ஒன்று உண்டு: ஓர் ஊர்ச் செடியில் உள்ள சத்து இன்னோர் ஊர்ச் செடியில் இருக்காது, பறிக்கும் பருவமும் உலர்த்தும் முறையும் மாறினால் மருந்தே மாறிவிடும் என்று. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம், எந்தக் கண்மாய்க்கரையில் எந்த மாதம் பிடுங்கியது என்று தெரியாத பொடியை டப்பாவில் விற்கிறவர்களுக்கு எதிராகத்தான் முதலில் திரும்பும்.

இதற்குள் நோய் மாறிவிட்டது. தண்ணீர் ஓரளவு சுத்தமாகி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கு வந்து, காமாலை குறைய, சத்தமில்லாமல் இன்னொன்று உள்ளே நுழைந்தது. டாக்டர் வி. மோகன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட சென்னை ஆய்வில் 541 பேரை ஸ்கேன் செய்தபோது 32 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கு மேல். இன்று சிவகங்கையிலோ காரைக்குடியிலோ வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களில் பலர் ‘ஃபேட்டி லிவர், கிரேட் ஒன்’ என்ற தாளோடுதான் வெளியே வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: “கல்லீரல்தானேண்ணே? கீழாநெல்லியை அரைச்சுக் குடிங்க, சரியாப் போகும்.”

சொல்கிறவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் காமாலையில் கல்லீரலைத் தாக்குவது வைரஸ். இங்கே தாக்குவது நம் சாப்பாடும் தொந்தியும். சோறு, பரோட்டா, இனிப்பு என்று தேவைக்கு மேல் உள்ளே போனதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தன் செல்களிலேயே சேர்த்துக்கொள்கிறது. சேர்ந்த கொழுப்பை எரிக்க முயலும்போது வீரியமான ஆக்ஸிஜன் துணுக்குகள் உண்டாகி, செல்லுக்குள் இருக்கும் கொழுப்பையே கெடுக்கின்றன. தகர டின்னில் அதிக நாள் கிடந்த சீடையில் சிக்கு வாடை அடிக்கிறதே, ஏறக்குறைய அதே வேதிவினைதான் கல்லீரலுக்குள்ளும் நடக்கிறது. அதில் செல் வீங்கும், புண்ணாகும், ஆறிய இடத்தில் தழும்பு விழும். தழும்பு முற்றினால் கல்லீரல் சுருங்கும். கிறிஸ்டோபர் டே, ஆலிவர் ஜேம்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1998-ல் இதை இரண்டு அடி என்றார்கள்: கொழுப்பு சேர்வது முதல் அடி, ஆக்ஸிஜன் கெடுப்பது இரண்டாவது அடி. இரண்டாவது அடியைத் தடுக்க ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் சூடு பிடித்தது. கீழாநெல்லி, மஞ்சள், நெல்லி எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

யோசனை முழுக்கத் தப்பும் இல்லை. அமெரிக்காவில் அருண் சன்யால் தலைமையில் நடந்த பெரிய சோதனை 2010-ல் வெளியானது. சர்க்கரை நோய் இல்லாத, கல்லீரல் கொழுப்பு முற்றி அழற்சி வரை போன 247 பேரை மூன்றாகப் பிரித்து இரண்டு வருடம் போலப் பார்த்தார்கள். தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் தேறியது. வெறும் மாத்திரையில் 19 சதவீதம். தாவர எண்ணெய்களில் இருக்கிற அதே வைட்டமின் ஈதான். ஆனாலும் தழும்பு சொல்லும்படிக் குறையவில்லை. அந்த அளவை வருடக்கணக்கில் விழுங்குவதிலும் ஆபத்து உண்டு. ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் கூடுகிறது என்று 2011-ல் இன்னொரு பெரிய ஆய்வு எச்சரித்தது. மலேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதைச்சத்தான சிலிமரினை 99 பேருக்குச் சோதித்து 2017-ல் வெளியிட்டது. தேறியே ஆகவேண்டும் என்று முதலிலேயே குறித்து வைத்த அளவுகோலில் அது தேறவில்லை. தழும்பு மட்டும் சிலருக்குக் குறைந்ததுபோலத் தெரிந்தது.

கீழாநெல்லியின் முறையும் வந்தது, சொந்தத் தங்கை வழியாக. சிவப்புக் கீழாநெல்லி என்று நாம் சொல்கிற ‘ஃபில்லாந்தஸ் யூரினேரியா’ சீன வைத்தியத்திலும் கல்லீரல் மூலிகைதான். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தார் அதை முதலில் எலிகளுக்குக் கொடுத்தார்கள். 2008-ல் வந்த முடிவு பிரமாதம்: கொழுப்பும் அழற்சியும் குறைந்தன. அடுத்து மனிதர்கள். கல்லீரலில் ஊசி குத்தித் துணுக்கெடுத்து நோயை உறுதி செய்த 60 பேர், மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மூலிகை, மிச்சப்பேருக்கு வெறும் மாத்திரை, 24 வாரம். முடிந்ததும் திரும்பத் துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் அச்சான முடிவு: மூலிகை வெறும் மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை.

எலிக்குத் தேறியது மனிதனுக்குத் தேறாமல் போவது மருத்துவத்தில் தினப்படி நடப்பதுதான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. காமாலையில் கீழாநெல்லிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதிர்ஷ்டம் கொழுப்பில் இல்லை. கொழுப்பு கண்ணில் மஞ்சளாக ஏறாது, தானாக இறங்கவும் இறங்காது. ஊசி குத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பார்த்தபோது மூலிகை கைகொடுக்கவில்லை. காமாலையில் சம்பாதித்த பேரை வைத்துக்கொண்டு வேறொரு நோயில் வியாபாரம் நடக்கிறது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதும் இருக்கிறதே. பெங்களூரு ஆய்வாளர்கள் தென்னிந்தியாவின் 25 கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை வாங்கி மரபணுவோடு ஒப்பிட்டு 2010-ல் எழுதினார்கள். நான்கில் மூன்று பங்குச் சரக்கு சரியான கீழாநெல்லி. மிச்சத்தில் அதன் ஒன்றுவிட்ட உறவுகள் ஐந்து வகை கலந்து கிடந்தன. நாட்டு மருந்துக் கடைக்காரரை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். வரப்பில் பிடுங்கிக் கட்டாகக் கொண்டு வருகிற கை பலது; காய்ந்த பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சமையலில் சேரும்போது ஒன்றும் செய்யாத பொருளைச் சாறு பிழிந்து மாத்திரையாக்கினால் அதன் குணம் வேறு. மஞ்சளின் குர்க்குமின் உடம்பில் சேர்வதே கடினம். மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் இருபது மடங்கு சேரும் என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் கண்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு குர்க்குமின் மாத்திரைகள் வந்தன. 2022-ல் அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்கள் மஞ்சள் மாத்திரையால் கல்லீரலே பழுதான பத்துப் பேரைப் பற்றி எழுதினார்கள், ஒருவர் இறந்திருந்தார். அதே ஆண்டு இந்தியாவின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து, கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதித்த 43 பேரைப் பதிவு செய்தன. உடம்பைக் காப்பாற்றக் குடித்தது கல்லீரலையே பிடித்த கதை.

அப்படியானால் கொழுப்பைக் குறைப்பது எது? 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் தழும்பு விழுந்தவர்களுக்கு. ஆனால் அதற்கெல்லாம் முன்பே கியூபாவின் ஹவானாவில் 293 பேரை ஒரு வருடம் உணவிலும் நடையிலும் கட்டுப்படுத்தி, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி மறைந்தது; 45 சதவீதம் பேருக்குத் தழும்பே குறைந்தது. இதுவரை எந்த மூலிகையும் இந்தக் கணக்கின் பக்கத்தில் வரவில்லை. அந்த அளவுக்குக் குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் பழைய வைத்தியத்தை நினைத்து எனக்கு ஆற்றாமை வருகிறது. அதில் இரண்டு பாகம் இருந்தது: மூலிகை, பத்தியம். டப்பாவில் அடைக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். காலையில் கீழாநெல்லி மாத்திரை, மாலையில் வாழைக்காய் பஜ்ஜி என்று எந்த நாட்டு வைத்தியரும் சொன்னதில்லை. காமாலைப் பத்தியத்தை அப்படியே எடுத்துவந்து மூன்று வேளையும் மோர்ச்சோறு சாப்பிடுங்கள் என்று சொல்லவரவில்லை. கொழுப்பு விழுந்த கல்லீரலுக்குச் சோறுதான் முதலில் குறைய வேண்டும். வாயைக் கட்டுவதுதான் வைத்தியத்தில் பாதி என்ற அந்தப் பிடிவாதம் மட்டும் திரும்ப வேண்டும்.

ஸ்கேன் தாளோடு வந்து நிற்கிற நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பாருங்கள். தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்குங்கள். மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றியாவது வேர்க்க வேர்க்க நடங்கள். குடிப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கீழாநெல்லி குடித்தே ஆகவேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேட்டுவிட்டுக் குடியுங்கள். எந்தக் கஷாயம், எந்தப் பொடி, எந்த மாத்திரை உள்ளே போகிறது என்பதைக் கல்லீரல் பார்க்கிற டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டப்பாவைக் கையோடு கொண்டு போனால் இன்னும் நல்லது.